குடிக்காத பிள்ளைக்கும் ஈரல் கெடுமா?

(தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதுவது)

"பையனுக்கு ஈரலில் கொழுப்பாம்!"

இப்படி ஒரு செய்தி வீட்டுக்குள் வந்துவிட்டால் இரண்டு விதமான பேச்சு எழும். ஒரு சாரார், "குடிக்கிறானோ என்னவோ, யார் கண்டது?" என்று முகம் சுளிப்பார்கள். இன்னொரு சாரார், "கொழுப்புத்தானே! இந்த வயதில் அது என்ன செய்துவிடும்?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். முதல் பேச்சைக் கேட்ட பையன் வெட்கப்பட்டு டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடுகிறான். இரண்டாவது பேச்சைக் கேட்டவனோ கவலையில்லாமல் இருந்துவிடுகிறான். இரண்டிலும் கெடுவது அவனுடைய ஈரல்தான்.

வேலைக்குச் சேருமுன் செய்கிற உடற்சோதனையிலோ, வயிற்று வலிக்கென்று எடுத்த ஸ்கேனிலோ தற்செயலாக இது தெரிய வருகிறது. வயதோ இருபத்தைந்து, இருபத்தெட்டுத்தான் இருக்கும். ஏன் வந்தது என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரிவதில்லை. நோயை முதலில் அறிந்து, பிறகு அதன் காரணத்தைத் தேடி, அதன் பிறகே தணிக்கும் வழியைப் பார்க்க வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் நமக்குச் சொல்லும் வரிசை. அந்த வரிசையிலேயே நாமும் போவோம். நான் டாக்டர் அல்லன், பள்ளிக்கூட ஆசிரியன். இங்கே எழுதுவது விளங்கிக் கொள்வதற்காக. வைத்தியம் செய்ய வேண்டியவர் டாக்டரே.

ஈரல் என்ன வேலை செய்கிறது?

வலது பக்க விலா எலும்புகளின் அடியில் இருப்பது கல்லீரல். வயது வந்தவருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். உடம்பின் உள்ளுறுப்புகளில் இதுதான் மிகப் பெரியது.

தோட்டத்து ஸ்டோரை நினைத்துக் கொள்ளுங்கள். வருகிற சாமான்களைக் கணக்கெடுத்து, தேவையானதை வெளியே அனுப்பி, மிஞ்சியதை அடுக்கி வைப்பது ஸ்டோர் கிராணியின் வேலை. கல்லீரலின் வேலையும் ஏறத்தாழ அதுதான். நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சீனியும் குடலில் கரைந்து, இரத்தத்தில் சேர்ந்து, முதலில் கல்லீரலுக்கே வருகின்றன. அன்றைய தேவைக்குப் போக மிஞ்சியதில் சுமார் 100 கிராம் அளவைத்தான் அது சர்க்கரையாகவே வைத்துக் கொள்ள முடியும். தசைகளும் கொஞ்சம் வைத்துக் கொள்ளும். ஆனால் உழைக்காத தசையில் இடம் காலியாவதில்லை. அதற்கும் மேல் வருவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி, இரத்தத்தின் வழியே உடம்பின் மற்ற பாகங்களுக்கு அனுப்பப் பார்க்கிறது. அனுப்ப முடிந்ததைக் காட்டிலும் வந்து சேர்வது கூடிக்கொண்டே போனால், கொழுப்பு ஈரலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 5 விழுக்காட்டுக்கு மேல் தங்கினால் அதைக் கொழுப்பு ஈரல் என்கிறார்கள்.

"என் பிள்ளை நெய்யும் கொழுப்பும் தின்பதே இல்லையே" என்று சில தாய்மார்கள் கேட்பதுண்டு. பிரான்ஸ் நாட்டில் வாத்துகளின் ஈரலை விலையுயர்ந்த பண்டமாக விற்கிறார்கள். அந்த ஈரலைப் பல மடங்கு பெருக்க வைப்பதற்காக வாத்துகளின் தொண்டையில் திணிக்கப்படுவது மக்காச்சோளம்! மாவுப் பண்டத்தை அளவுக்கு மீறி ஊட்டினால் ஈரல் அதையே கொழுப்பாக்கிக் கொள்கிறது. வாத்துக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்கும்.

கொழுப்பு தங்கியிருக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. சிலருக்கு அசதி, வலது விலாவின் அடியில் ஒரு பாரம், அவ்வளவுதான். பலருக்கு அது அந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆனால் ஒரு பகுதியினருக்கு ஈரல் அழற்சி கண்டு, புண்பட்ட இடம் ஆறி ஆறித் தழும்பாகிறது. தழும்பு கூடிக்கூடி ஈரல் சுருங்கி இறுகினால், பின்னர் வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, ஈரல் புற்றுநோய் வரை போகலாம். இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் இருபத்தைந்து வயதில் கண்டுபிடிப்பதை ஒரு நல்வாய்ப்பு என்றே கொள்ள வேண்டும். திருத்திக் கொள்ளக் கையில் காலம் இருக்கிறது.

பெயர் மாறிய கதை

நெடுங்காலமாக டாக்டர்களும் நம்மைப் போலவே நினைத்தார்கள். ஈரலில் கொழுப்பும் அழற்சியும் கண்டால் நோயாளி குடிகாரராகத்தான் இருப்பார் என்ற எண்ணம் அவர்களுக்கும் இருந்தது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் லுட்விக்கும் அவருடைய கூட்டாளிகளும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுடைய ஈரல், குடிகாரரின் ஈரலைப் போலவே இருந்தது; ஆனால் அவர்கள் குடிகாரர்கள் அல்லர். பெரும்பாலோர் பெண்கள், பலருக்கு உடல் பருமன், சிலருக்கு இனிப்பு நீர். அதுவரை பெயரில்லாதிருந்த அந்த நோய்க்கு அப்போதுதான் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலும் 'மதுவினால் அல்லாத' என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

2023ஆம் ஆண்டில் பல நாட்டு ஈரல் நிபுணர்கள் கூடி அந்தப் பெயரையும் மாற்றினார்கள். நோயாளியின் பெயரோடு மதுவை ஒட்டவைப்பது அவரைக் கூனிக்குறுகச் செய்கிறது என்பது ஒரு காரணம். நோயின் வேர் உடம்பு உணவைப் பயன்படுத்தும் முறையில் ஏற்படும் கோளாறு என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது இன்னொரு காரணம். உலகத்து நிபுணர்களே திருத்திக் கொண்டுவிட்ட எண்ணத்தை நம் வீட்டு வாசலில் இன்னும் கட்டி வைத்திருப்பானேன்?

ஆனாலும் குடியை விட்டுவிட முடியாது

குடிக்காதவருக்கும் வரும் என்று சொன்னதும், "அப்படியானால் குடிப்பதில் குற்றமில்லை" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மது ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும் காரணங்களில் முக்கியமான ஒன்று. ஈரல் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு மதுவை முதலில் கரைக்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் கொழுப்பு எரியாமல் தேங்குகிறது.

தோட்ட மக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். குடி குடும்பத்தை என்ன செய்யும் என்பதை நம் பாட்டன்மார்கள் அன்றே அறிந்திருந்தார்கள். கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. இன்று பீர் டின் வருகிறது. சரக்கு மாறினாலும் ஈரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

"நான் சனி, ஞாயிறு மட்டும்தானே" என்பான் பையன். தொந்தியும் சீனியும் ஒரு பக்கம், மது இன்னொரு பக்கம் என இரண்டும் சேரும்போது, ஈரல் தனித்தனியாகக் கெடுவதைவிட வேகமாகக் கெடுகிறது. மது எந்த அளவிலும் பாதுகாப்பானது அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லியிருக்கிறது. நல்ல செய்தியும் உண்டு. மதுவினால் சேர்ந்த வெறும் கொழுப்பு, குடியை முற்றாக விட்டால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். ஆகவே டாக்டர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பக்கத்தில் அம்மா நிற்கிறார் என்று பையன் மென்று விழுங்குவதாகத் தெரிந்தால், அம்மா சற்று வெளியே போய் உட்கார்ந்திருப்பது நல்லது.

தட்டு மாறவில்லை, வேலை மாறிவிட்டது

இப்போது பெரும்பாலான இளைஞர்களுக்குப் பொருந்தும் காரணத்துக்கு வருவோம்.

பால்மரம் வெட்டிய தலைமுறை விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பிறகு அதே மரங்களுக்கு மறுபடியும் நடந்து பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வந்தது. செம்பனைத் தோட்டத்தில் 20 கிலோ குலையைத் தூக்கி ஏற்றியது. அந்த வாழ்க்கை இனிமையானது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் கஷ்டம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு உழைப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. உண்டது அன்றே எரிந்தது.

அந்தக் குடும்பத்துப் பேரன் இன்று லாரி ஓட்டுகிறான். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். ஜாகா வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வேலை உட்கார்ந்து பார்க்கும் வேலையாகிவிட்டது. தட்டில் விழும் சோறு மட்டும் தாத்தாவின் அளவிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, ஷிப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்கு ஒரு மீ கோரிங், உறக்கம் விரட்ட ஒரு டின் பானம். தூக்கமும் முறை கெட்டுப் போகிறது.

2023ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நாட்டில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ பருமனோ உடையவர்கள் என்று தெரிய வந்தது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்த நாட்டு இனங்களில் இனிப்பு நீர் அதிகம் காணப்படுவது நம் இந்தியர்களிடையேதான். இனிப்பு நீரும் கொழுப்பு ஈரலும் ஒரே கிளையில் காய்க்கும் இரண்டு காய்கள்.

ஒரு சின்னக் கணக்கு

பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதும் கட்டுரையில் கணக்கு இல்லாமல் இருக்குமா? தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒரு கிளாஸ் தே தாரேக்கு இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு டின்பால் ஊற்றுவதாக வைத்துக் கொள்வோம். அதில் ஏறக்குறைய 20 கிராம் சீனி இருக்கும். காலையில் பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று கிளாஸுக்கு 60 கிராம். ஒரு மாதத்துக்கு 1,800 கிராம். வருடத்துக்கு ஏறக்குறைய 22 கிலோ! ஒரு பையன் வருடத்துக்கு இருபத்திரண்டு கிலோ சீனியைத் தேநீரில் மட்டும் குடிக்கிறான். மைலோ, சிராப், டின் பானம், பலகாரம் எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சேர்த்துக்கொள்ளும் சீனி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. நம் பையனுக்குத் தேநீரிலேயே அது முடிந்துவிட்டது.

கடையில் டின் பானம் வாங்கும்போது அதன் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்று இருந்தால், 325 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராமுக்கு மேல்; ஆறு தேக்கரண்டிக்கும் அதிகம். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் அரசாங்கம் வரி விதித்து வருவதும் இதனால்தான்.

சீனியில் பாதி, பழச்சர்க்கரை என்னும் வகை. அதைக் கரைக்கும் வேலை பெரும்பாலும் ஈரலின் தலையிலேயே விழுகிறது. முழுப்பழத்தை மென்று தின்றால் நாரோடு மெதுவாக இறங்கும். கிளாஸில் கரைத்துக் குடிக்கும் சீனி வெள்ளம்போல் ஈரலுக்குப் போய்ச் சேருகிறது.

ஒல்லியாக இருந்தாலுமா?

"என் மகன் குண்டாகவே இல்லையே!" என்பவர்களுக்கு ஓர் உண்மைச் செய்தி. பூனா நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் இலண்டன் டாக்டர் யூட்கினும் நண்பர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே எண்தான் வந்தது: 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது, இலண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, பூனாக்காரருக்கு 21.2 விழுக்காடு! 2004ஆம் ஆண்டில் இருவருடைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இலண்டன் மருத்துவ ஏடான லான்செட்டில் வெளியிட்டார்கள்.

இந்திய வம்சாவளியினரின் உடல்வாகு பெரும்பாலும் இத்தகையது. கையும் காலும் மெலிந்திருக்கும். கொழுப்பு வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றி ஒளிந்திருக்கும். ஆகவே தராசை மட்டும் நம்பாமல் அளவு நாடாவையும் எடுக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் அது எச்சரிக்கை.

பரம்பரையும் உண்டு. ஈரலில் கொழுப்புத் தங்குவதற்குத் துணைபோகும் மரபணு மாற்றம் ஒன்றை 2008இல் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பனுக்கு இனிப்பு நீரோ கொழுப்பு ஈரலோ இருந்தால் பிள்ளை கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பரம்பரை என்று கைகட்டி உட்கார்ந்துவிடுவது மட்டும் கூடாது. விதை பரம்பரையாக வந்தாலும் அதற்கு உரம் போடுவது நம் அன்றாடச் சாப்பாடுதான்.

கழுத்துக் கருமை அழுக்கு அல்ல

வகுப்பறையில் சில பிள்ளைகளின் பின்கழுத்தில் வெல்வெட்டுத் துணி போலத் தடித்த கருமையைப் பார்க்கிறோம். அக்குளிலும் இருக்கும். சரியாகக் குளிப்பதில்லை என்று வீட்டில் நாரைப் போட்டுத் தேய்க்கிறார்கள். கூடப் படிப்பவர்கள் கேலி செய்கிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அந்தக் கருமை பெரும்பாலும் உடம்புக்குள் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு வெளியே தெரியும் அடையாளம்.

இன்சுலின் என்பது சர்க்கரையை உடம்பின் உயிரணுக்களுக்குள் விடும் சாவி. பூட்டு துருப்பிடித்தால் ஒரு சாவிக்குப் பதில் பத்துச் சாவி தேவைப்படுகிறது. இரத்தத்தில் இன்சுலின் கூடக் கூட, ஈரல் மேலும் மேலும் கொழுப்பைச் செய்கிறது. இளம் வயதில் வரும் கொழுப்பு ஈரலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தத் துருப்பிடித்த பூட்டுத்தான் இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாதவிலக்கு முறை தவறுதல், முகத்தில் முடி, பரு, எடை ஏறுதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். அதற்கும் இதே பூட்டுக்கும் தொடர்புண்டு. அத்தகைய பெண்களுக்கு ஈரலில் கொழுப்புச் சேர்வதும் அதிகம். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதிகம் பேசப்படாத காரணங்கள்

எல்லாருக்கும் காரணம் சாப்பாடுதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இளைஞருக்கு ஈரலில் கோளாறு கண்டால் டாக்டர்கள் வேறு சிலவற்றையும் தேடுவார்கள்.

முதலாவது, ஈரலைத் தாக்கும் கிருமிகள். ஹெப்படைட்டிஸ் சி கிருமியின் ஒரு வகை ஈரலில் நேராகவே கொழுப்பைச் சேர்க்கும். ஊசியையோ சவரக் கத்தியையோ பகிர்ந்து கொள்வதாலும், சுத்தமில்லாத ஊசியால் பச்சை குத்துவதாலும் அது பரவலாம். இதற்கு இப்போது குணப்படுத்தும் மாத்திரை உண்டு. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் 2018 முதல் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்குப் போடப்படுவது 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் அந்தக் கிருமிக்கும் சோதித்துக் கொள்வது நல்லது.

இரண்டாவது, மருந்துகள். வலிப்புக்கும் மூட்டு நோய்க்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள், நெடுநாள் உண்ணும் ஸ்டீராய்டு ஆகியவை ஈரலில் கொழுப்பைச் சேர்க்கலாம். அதற்காக டாக்டர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது, அவரிடமே கேளுங்கள். பசார் மாலாமிலும் கைத்தொலைபேசி வழியாகவும் விற்கப்படும் மூட்டுவலி மாத்திரை, உடம்பு தேற்றும் மாத்திரைகளில்தான் பெரிய ஆபத்து. பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாத மருந்தைத் தொட வேண்டாம்.

மூன்றாவது, அரிதான நோய்கள். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. உணவில் வரும் செம்பை வெளியேற்ற முடியாமல் ஈரலில் தேங்கிவிடும் பிறவிக் குறை அது. இளம் வயதிலேயே தெரிய வரும். கை நடுக்கம், பேச்சுக் குழறல்கூட உண்டாகலாம். காலத்தில் கண்டுபிடித்தால் மருந்தால் கட்டுப்படுத்தலாம். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மந்தமாவதும் ஒரு காரணமாகலாம்.

நான்காவது, பட்டினி! கேட்பதற்கு வியப்பாக இருக்கும். புரதச் சத்துக் குறைந்தால் ஈரலால் கொழுப்பை வெளியே அனுப்ப முடிவதில்லை. ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், தாய்ப்பால் மறந்து வெறும் சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளிடம் இத்தகைய நோயை 1930களில் விவரித்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார். அந்தக் குழந்தைகளின் உடம்பு வீங்கியிருக்கும்; ஈரல் கொழுப்பால் நிறைந்திருக்கும். பிறகு மலாயாவுக்கு வேலைக்கு வந்த அவர், 1939இல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, கைக்குழந்தைகளுக்கு இனிப்பு டின்பாலைப் புகட்டச் சொல்லும் விற்பனையைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். இன்றைய பிள்ளைகள் வேறு வழியில் பட்டினி கிடக்கிறார்கள். பத்து நாளில் பத்துக் கிலோ குறைக்கிறேன் என்று சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று எடை இறங்கினால், உடம்பெங்கும் உள்ள கொழுப்பு கரைந்து ஈரலை நோக்கியே பாய்கிறது. ஈரல் இன்னும் கெடலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். போகும்போது ஸ்கேன் தாள், இரத்தச் சோதனைத் தாள், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். என்ன வேலை, எந்த இரசாயனம் கையில் படுகிறது என்பதையும் சொல்லுங்கள். தொழிற்சாலைகளில் புழங்கும் சில கரைப்பான்களும் ஈரலைக் கெடுக்கும். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

இது எந்தக் காரணத்தால் வந்திருக்கலாம்? சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம் பார்த்தாயிற்றா? ஹெப்படைட்டிஸ் பி, சி சோதனை செய்யலாமா? தைராய்டு, செம்புச் சோதனை எனக்குத் தேவையா? ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? மறுபடி எப்போது வர வேண்டும்?

ஈரல் இரத்தச் சோதனை சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் கொழுப்பில்லை என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஈரலுக்கு ஓர் அரிய குணம் உண்டு. பாரத்தை இறக்கினால் அது தன்னைத்தானே சீர்படுத்திக் கொள்ளும். எடை கூடியவர் தம் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே ஈரல் கொழுப்புக் குறைகிறது. ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தால் அழற்சியும் தணிய வழியுண்டு. 80 கிலோ பையனுக்கு ஐந்து பங்கு என்பது 4 கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் என்றால் இரண்டு மாத வேலை. 2024இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் தழும்பு விழத் தொடங்கியவர்களுக்கே, உணவோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துத்தான் கொடுக்கப்படுகிறது.

1. தேநீரைச் சீனியும் டின்பாலும் இல்லாமல் பழகுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் வாரம் ஒரு கரண்டியாகக் குறையுங்கள். கடையில் 'தே ஓ கோசோங்', 'கோப்பி ஓ கோசோங்' என்று கேளுங்கள். சீனியில்லாக் கோப்பி குடிப்பவர்களுக்கு ஈரலில் தழும்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

2. தட்டில் பாதி கீரையும் காய்கறியும். கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு, கடலை. மீதிக் கால் பங்குதான் சோறு. முருங்கை, பசலை, சாயூர் மானிஸ் எல்லாம் வீட்டுக் கொல்லையிலேயே விளையும்.

3. ரொட்டி சானாயும் மீ கோரிங்கும் எப்போதாவது இருக்கட்டும். படுப்பதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பாடு முடியட்டும்.

4. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். பந்து விளையாடுவதும், மண்வெட்டி பிடித்துத் தோட்டம் போடுவதும் கணக்கில் சேரும்.

5. மது வேண்டாம், புகையும் வேண்டாம். கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் கூடுதல்.

தாய்மார்களே, நோயாளிப் பையனுக்கென்று தனிச் சட்டி வைக்காதீர்கள். மற்றவர்கள் பொரித்த கோழி தின்னும்போது அவன் மட்டும் கீரை தின்றால் எத்தனை நாள் தாங்கும்? வீடு முழுவதும் ஒரே சமையல் என்றால் அவனுக்கும் எளிது. இனிப்பு நீர் உள்ள அப்பாவுக்கும், வளரும் தங்கைக்கும் அதுவே நல்லது.

தகப்பன்மார்களே, பிள்ளைக்கு ஈரலில் கொழுப்பு என்றால் பத்துப் பேர் முன்னால் அவனைக் கேள்வி கேட்டு வெட்கப்படுத்தாதீர்கள். பெண் பார்க்கும் இடத்தில் என்ன சொல்வார்களோ என்று தாளை மறைத்து வைக்கவும் வேண்டாம். உலகில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இருக்கும் கோளாறு இது. மறைக்க வேண்டிய அவமானம் எதுவும் இதில் இல்லை. அவனோடு கிளினிக்குக்குப் போய்க் காரணத்தைத் தெரிந்து கொண்டு வாருங்கள். மாலையில் அவன் நடக்கப் போகும்போது நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடங்கள்.